பழைய கார்: ஒரு கதவு மட்டும் நிறம் ஒட்டவில்லை

நீலவண்டி:
1967 மாடல் கார் ஒன்றை இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து வருகிறேன். வெளிர் நீலம், மெட்டாலிக் கிடையாது. ஒரு கதவின் கீழ்ப்பக்கம் துருவேறிப் போயிருந்ததால் வெட்டிவிட்டுப் புதுத் தகடு பற்றவைத்து, வண்டியில் இருந்த நிற எண்ணைக் கொடுத்துக் கலந்து வாங்கி அடித்தேன். நிழலில் சரியாகத்தான் இருக்கிறது, வெயிலுக்குக் கொண்டுவந்தால் பக்கத்து ஃபெண்டரோடு (சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) சேரவே இல்லை. முழு வண்டியையும் அடிக்க மனம் வரவில்லை, மற்றதெல்லாம் தொழிற்சாலையில் அடித்த பெயின்ட். என்ன செய்யலாம்?

பட்டறைவாசி:
நிற எண்ணில் இருப்பது வண்டி புதிதாக வந்த அன்றைய நிறம். உங்கள் ஃபெண்டர் அதற்கப்புறம் எத்தனை கோடை பார்த்துவிட்டது! முதலில் அதில் உள்ளங்கை அளவு இடத்தை ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேயுங்கள். வெளுத்த மேல்படலம் போனபின் தெரிகிற நிறத்தோடுதான் ஒப்பிட வேண்டும் (விளிம்புகளில் பெயின்ட் மெல்லியது, அங்கே அழுத்தினால் பிரைமர் தெரிந்துவிடும்). கதவு அட்டைக்குப் பின்னால், டிக்கிக்குள் என வெயில் படாத இடங்களையும் பாருங்கள், எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பது புரியும். தேய்த்த இடத்தை நிறமானியால் அளந்து கலக்கச் சொல்லலாம், ஆனால் அதையும் நேராகக் கதவில் அடிக்காதீர்கள். ஒரு தனி அட்டையில், கதவில் போடுகிற அதே நிறப் பிரைமர், அதே ஸ்ப்ரே கன், அதே காற்றழுத்தம், அடிப்பரப்பு முழுதாக மறையும்வரை அடித்து, நன்றாகக் காயவிட்டு, வெயிலிலும் நிழலிலும் ஃபெண்டர்மேல் வைத்துப் பாருங்கள். ஈரத்தில் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துவிடுவீர்கள். நான் நான்கு அட்டைவரை போனதுண்டு.

ராஜ்கேரேஜ்:
பழைய பெயின்ட் லாக்கரா எனாமலா என்று பார்த்தீர்களா? மறைவான இடத்தில் லாக்கர் தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்தால் லாக்கர் கரைந்து துணியில் ஏறும். பழைய எனாமல்மேல் லாக்கர் அடித்தால் அடியில் உள்ளது சுருங்கிக் கிளம்பும். இது தெரியாமல் ஒரு பானெட்டைத் தகடுவரை சுரண்டி மறுபடி ஆரம்பித்தேன், ஒரு வாரம் போயிற்று.

நீலவண்டி:
தேய்த்துப் பார்த்தேன், ஃபெண்டர் இவ்வளவு நீலமாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை! ஆனாலும் கதவில் இன்னும் லேசாகப் பச்சை ஓடுகிறது, அதனால் கலவையைத் திருத்தச் சொல்லியிருக்கிறேன். துணியில் நிறம் ஏறவில்லை, எனாமல்தான் போல. 2கே (ஹார்டனர் கலந்து இறுகவைக்கும் பெயின்ட்) அடிக்கலாமா? சாதாரண மாஸ்க் போதுமா?

பட்டறைவாசி:
அடிக்கலாம், ஆனால் சாதாரண மாஸ்க் போதவே போதாது. 2கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமாவை வரவழைக்கும், ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் பிறகு துளி பட்டாலும் மூச்சு முட்டும். வெளியிலிருந்து சுத்தமான காற்று வருகிற முகமூடி வேண்டும். அது இல்லையென்றால் வீட்டில் அடிக்காதீர்கள். தேய்ப்பு, பட்டி, பிரைமர் வேலைகளை நீங்களே முடித்துவிட்டு, கடைசிக் கோட்டுகளை மட்டும் ஸ்ப்ரே பூத் இருக்கும் இடத்தில் கொடுங்கள், தேறிய அட்டையையும் கையோடு கொடுத்தனுப்புங்கள்.