4-8ன்னா பாஸா ஃபெயிலா? கொலராடோ காலேஜ் (அமெரிக்கன்) ஃபுட்பால் கோச்சா டீயான் சாண்டர்ஸோட முதல் சீசன், 2023

மூணாவதுடவுன்:
முடிஞ்சு போச்சு. நேத்து யூட்டா கிட்டயும் 23-17 தோல்வி. கொலராடோ 12 மேட்ச்ல 4 ஜெயிச்சு 8 தோத்திருக்கு, அதுல நம்ம லீக்கான பேக்-12ல ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சு கடைசி இடம். செப்டம்பர்ல இங்க "இந்த வருஷமே ப்ளேஆஃப்"னு (தேசிய சாம்பியன முடிவு பண்ற மேட்சுங்க) சவுண்டு விட்டவங்கள எல்லாம் ஆளையே காணோம், அட்டென்டன்ஸ் எடுக்கத்தான் இந்த திரி. என்னப் பொறுத்தவரை ஃபெயில். 3-0ல இருந்து இங்க வந்து விழுந்த டீமுக்கு வேற என்ன மார்க் போட?

போல்டர்வாசி:
உள்ளேன் அண்ணே. எங்கருந்து கிளம்புனாங்கன்னும் கொஞ்சம் பாருங்க. 2022ல இதே டீம் 1-11. முதல் அஞ்சு மேட்சும் தோத்து பாதி சீசன்லயே கோச்ச தூக்குனாங்க. இந்த வருஷம் முதல் மேட்ச்சே டி.சி.யு.வோட (டெக்சாஸ் கிறிஸ்டியன் யுனிவர்சிட்டி), அவங்க ஊர்ல போய், அதாவது எட்டு மாசம் முன்னாடி தேசிய ஃபைனல் ஆடின டீமோட, 45-42 ஜெயிச்சோம். கோச்சோட பையன் ஷெடூர்தான் குவார்டர்பேக், அதாவது பந்த எறியுறவன், 510 யார்டு எறிஞ்சான், கொலராடோ ரெக்கார்டு. ட்ராவிஸ் ஹண்டர் அந்த வெயில்ல ஆஃபென்ஸும் ஆடி டிஃபென்ஸும் ஆடினான், வழக்கமா ஒருத்தன் ஒரு பக்கம்தான் ஆடுவான். ஆறு ஹோம் மேட்சும் ஹவுஸ்ஃபுல். இதெல்லாம் ஃபெயில் ஆன பையன் ரிப்போர்ட் கார்டா?

லிங்கன்_சுப்பு:
ஹவுஸ்ஃபுல்லுக்கெல்லாம் ஸ்கோர்போர்டுல பாயிண்ட் குடுக்கறதில்ல தம்பி. நான் நெப்ராஸ்கா ஆளு, எங்களயும் 36-14 வெளுத்தீங்க, ஒத்துக்குறேன். ஆனா எங்க கோச் மாட் ரூலுக்கும் இதுதான் முதல் வருஷம், சத்தமே இல்லாம 5-7ல முடிச்சிருக்காரு. உங்க கோச் மாதிரி கூலிங் கிளாஸ் இல்ல, டாக்குமென்டரி கேமரா இல்ல.

போல்டர்வாசி:
5-7க்கும் பௌல் கேம் (சீசன் முடிஞ்சதும் நல்லா ஆடின டீமுக்கு கிடைக்கற எக்ஸ்ட்ரா மேட்ச்) கிடையாது சுப்பண்ணே, ரெண்டு பேரும் டிசம்பர்ல சோஃபாலதான் உக்காரப்போறோம் 😀

மூணாவதுடவுன்:
ஆரம்பத்துல ஜெயிச்சதே வெனையாப் போச்சுன்னு நினைக்கிறேன். கொலராடோ ஸ்டேட் மேட்ச்லயே தெரிஞ்சுது, பக்கத்து ஊர் டீம், அவங்க கிட்ட கடைசி ரெண்டு நிமிஷம் வரைக்கும் எட்டு பாயிண்ட் பின்னாடி, ஷெடூர் கிட்டத்தட்ட மொத்த மைதானமும், 98 யார்டு, டீம நகத்திட்டுப் போய் காப்பாத்துனான், ரெண்டு ஓவர்டைம் தாண்டி 43-35. எல்லாரும் அதிசயம்னாங்க, எனக்கு வயித்த கலக்குச்சு. அதுலதான் ஹண்டர் ஈரல்ல அடி வாங்கி சில வாரம் படுத்தான். அடுத்த வாரம் ஆரெகான்ல ஹாஃப்டைம்லயே 35-0 பின்னாடி. அவங்க (கொலராடோ) இன்டர்நெட் கிளிக்குக்கு ஆடுறாங்க நாம ஜெயிக்க ஆடுறோம்னு ஆரெகான் கோச் லேனிங் லாக்கர் ரூம்ல சொன்னாரே, திமிர்தான், ஆனா தப்புன்னு சொல்ல முடியல.

வேப்பமரம்:
ஸ்டான்ஃபோர்ட விட்டுட்டீங்களே 🙂

போல்டர்வாசி:
அக்கா வேணாம்.

போல்டர்வாசி:
சரி நானே சொல்றேன். அன்னிக்கு ஸ்டேடியத்துலதான் இருந்தேன், வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேட்ச், பையன கூட்டிட்டு போயிருந்தேன். ஹாஃப்டைம்ல 29-0, நம்மதான். பையன் தோள்ல சாஞ்சு தூங்கிட்டான், குளிரு வேற, சரி இனி என்ன ஆகப்போகுதுன்னு கிளம்பி வீட்டுக்கு வந்து அவன படுக்கப்போட்டு ரெண்டு பாத்திரம் கழுவிட்டு ஃபோன எடுத்தா 36-36ன்னு காட்டுது. ஆப்புலதான் கோளாறுன்னு அணைச்சு அணைச்சு போட்டேன். கடைசில 46-43 தோல்வி. காலைல பையன் எழுந்து "எத்தனைப்பா ஜெயிச்சோம்"னு கேக்குறான்.

வேப்பமரம்:
அய்யோ 😂 பாவம். ஸ்டான்ஃபோர்டோட ஒரே ரிசீவர் (எறியுற பந்த புடிக்கிறவன்), அயோமனார், 294 யார்டு. ஓவர்டைம்ல ஹண்டர் முதுகுப் பக்கமா கைய விட்டு அவன் ஹெல்மெட்லயே பந்த அமுக்கிப் புடிச்சானே, அத நான் பத்து தடவ பாத்திருப்பேன்.

ஆனா என் கேள்வி வேற. கோச் வந்த அன்னிக்கே பசங்கள உக்கார வச்சு, போர்ட்டல்ல (வேற காலேஜ் டீமுக்கு மாறறவங்க லிஸ்ட்) குதிங்க, நான் என் லக்கேஜோட வரேன், அது லூயி விட்டான்னாரு, அதாவது ஒசத்தியான ஆளுங்கள கூட்டிட்டு வரேன்னு. பழைய பசங்க முக்கால்வாசிக்கு மேல போயிட்டாங்க, எண்பதுக்கு மேல புது ஆளுங்க. சரி, மொத்த வீட்டையும் காலி பண்ணீங்க, சுவர் கட்ட வேணாமா? ரிசீவர் வந்தான், ரிசீவர தடுக்கற கார்னர்பேக் வந்தான், குவார்டர்பேக்க காப்பாத்தற ஆஃபென்சிவ் லைனுக்கு யாரு வந்தா? ஷெடூர் 11 மேட்ச்ல 52 தடவ சாக் வாங்கியிருக்கான், பந்த எறியறதுக்குள்ள கீழ தள்ளிட்டாங்க. சொந்தப் புள்ளைங்க அது! கடைசி மேட்ச்சுக்கு அவனால இறங்கவே முடியல.

போல்டர்வாசி:
லைன் விஷயத்துல பதில் இல்லக்கா. ஷெடூர் எறிஞ்சது 27 டச்டவுன், எதிராளி புடிச்ச இன்டர்செப்ஷன் 3தான், அதுவும் அந்த அடி வாங்கிட்டே. ஆனா ஒரே வருஷத்துல நல்ல லைன்மேன் போர்ட்டல்ல கிடைக்கறது கஷ்டம், எல்லா டீமும் அவங்கள விடாம புடிச்சு வச்சிருக்கும்.

லிங்கன்_சுப்பு:
அதனாலதான் ஹைஸ்கூல்லருந்து எடுத்து மூணு வருஷம் சோறு போட்டு வளக்கணும்ங்கறது. லைன்மேன் கடைல வாங்குற சாமான் இல்ல.

மூணாவதுடவுன்:
இன்னொண்ணு. ஆஃபென்ஸ்ல ப்ளே கால் பண்ணிட்டிருந்த (ஒவ்வொரு ஆட்டத்துக்கும் என்ன பண்ணணும்னு சொல்ற) கோச் ஷான் லூயிஸ் கிட்டருந்து நவம்பர்ல அந்த வேலைய புடுங்கி இன்னொரு கோச் பாட் ஷர்மர் கிட்ட குடுத்தாரு சாண்டர்ஸ். அதுக்கு முன்னாடி எட்டு மேட்ச்ல ஆறு தடவ 27 பாயிண்ட்டோ அதுக்கு மேலயோ அடிச்ச டீம். அப்புறம் 19, 31, 14, 17. நாலும் தோல்வி. இதுக்கு யார் பொறுப்பு, போர்ட்டலா?

போல்டர்வாசி:
அதுல ஒண்ணு ஷெடூர் ஆடாத மேட்ச், இன்னொண்ணுல பாதில அடிபட்டு போனான், அதையும் சேத்து சொல்லுங்கண்ணே. ஆனா சரி, லூயிஸ மாத்துனது எனக்கும் புடிக்கல. மார்க் 40 போட்டுக்கோங்க, ஜஸ்ட் பாஸ்.

மூணாவதுடவுன்:
35.

வேப்பமரம்:
அதுவும் பாஸ் மார்க்தானே? 🤔

மூணாவதுடவுன்:
34.