2041இல் முடியும் கடனுக்கு 1905 என்று தேதி விழுகிறது. ஒய்2கே (2000ஆம் ஆண்டுக் கணினிப் பழுது) அச்சம் வீண் என்று சொல்லி நிர்வாகக் குழு செலவை மறுக்கிறது

கேள்வி: கடன் சங்கக் கணினிப் பொறுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். பணியாளர் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் கணினிப் பொறுப்பைக் கவனித்து வருகிறேன். எங்கள் கணக்கு மென்பொருள் சி மொழியில் எழுதப்பட்டு, 32 பிட் லினக்ஸ் சர்வர் ஒன்றில் நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதிக் கொடுத்தவர்கள் இப்போது தொழிலில் இல்லை. மூல நிரல் மட்டும் எங்களிடம் இருக்கிறது. இதுவரை பத்தாண்டுக்கு மேற்பட்ட கடன் எதையும் சங்கம் வழங்கியதில்லை. இந்த ஏப்ரலில்தான் முதன்முறையாகப் பதினைந்து ஆண்டு வீட்டுக்கடன் தொடங்கினோம். 2026 ஏப்ரல் 10 அன்று பதிவான கடனுக்குக் கடைசித் தவணை 2041 ஏப்ரல் 10 என்று காட்ட வேண்டிய இடத்தில் 1905 மார்ச் 4 என்று காட்டுகிறது. தவணைக்காலம் முடிந்துபோன கணக்கு என்று கருதி அபராத வட்டியும் போட்டுவிட்டது. இப்போதைக்கு அந்தக் கணக்குகளைக் கையால் எழுதும் பேரேட்டில் வைத்திருக்கிறோம்.

மென்பொருள் முழுவதையும் சோதித்துத் திருத்துவதற்கு வெளியாள் ஒருவரை அமர்த்த நிதி கேட்டேன். நிர்வாகக் குழு மறுத்துவிட்டது. "1999இலும் இப்படித்தான் விமானம் விழும், வங்கி முடங்கும் என்று பயமுறுத்தினார்கள், விடிந்து பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை, நீங்கள் சொல்லும் தேதிச் சிக்கல் வரும் 2038க்கு இன்னும் பன்னிரண்டு ஆண்டு இருக்கிறதே" என்பது மூத்த உறுப்பினர்களின் வாதம். அப்போது நான் பள்ளி மாணவன். மறுத்துப் பேசும் அளவுக்கு விவரம் தெரியவில்லை. பழுதுக்குக் காரணம் என்ன என்பதையும், ஒய்2கே குறித்து மக்கள் கொண்ட அச்சம் நியாயமானதுதானா என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும். எனக்குச் சாதகமான பதிலைவிடச் சரியான பதிலே வேண்டும்.

பதில்: லினக்ஸ் நிர்வாகி

காரணத்தை நீங்கள் தந்த இரண்டு தேதிகளே சொல்லிவிடுகின்றன. 2041 ஏப்ரல் 10 நள்ளிரவிலிருந்து பின்னோக்கி 49,710 நாட்களும் ஏறத்தாழ ஆறரை மணி நேரமும் போனால் 1905 மார்ச் 4 மாலையில் வந்து நிற்கும். அந்த இடைவெளியை நொடிகளாக்கினால் 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296. 32 பிட்டுகளால், அதாவது 0 அல்லது 1 என்ற 32 இலக்கங்களால், குறிக்கக்கூடிய எண்கள் மொத்தமே அவ்வளவுதான். யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகள் 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளை எண்ணி நேரத்தைக் குறித்துக்கொள்கின்றன. கூட்டல், கழித்தல் குறி கொண்ட 32 பிட் எண்ணில் அந்தக் கணக்கு 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு நிரம்பிவிடும். அதற்கு அப்பாற்பட்ட எந்தத் தேதியும் எதிர்மறை எண்ணாகி 1901 முதல் தொடங்கும் காலத்துக்குள் போய் விழும்.

தேதி மாற்றத்தை அமைப்போடு வரும் ஆயத்த நிரல்தொகுப்பான நூலகத்திடம் விட்டிருந்தால், அது பிழை என்று திருப்பி அனுப்பியிருக்கும். அதைக் கவனிக்காத நிரலில் 1970 ஜனவரி 1 என்று தெரிந்திருக்கும். உங்களுக்கு 1905 வருவதால், நாட்களை எண்ணி ஒரு நாளின் நொடிகளால் பெருக்கும் வேலையை நிரலை எழுதியவரே செய்திருக்கிறார் என்று தோன்றுகிறது. மூல நிரலில் 86400 என்ற எண் வரும் இடங்களைத் தேடிப் பாருங்கள். முதல் பட்டியல் அங்கேயே கிடைத்துவிடும்.

பன்னிரண்டு ஆண்டு இருக்கிறது என்ற வாதத்துக்கு உங்கள் கணக்கே மறுப்பு. பதினைந்து ஆண்டுக் கடன் தருபவருக்கு 2038 என்பது 2023 ஜனவரியிலேயே வந்துவிட்டது. இருபது ஆண்டுக் கடன் தருபவருக்கு 2018இல் வந்துவிட்டது. ஏஓஎல்சர்வர் என்ற இணைய சர்வர் மென்பொருளில், காலவரம்பே வேண்டாம் என்று குறிக்க நடப்பு நேரத்தோடு நூறு கோடி நொடிகளைக் கூட்டும் வழக்கம் இருந்தது. கூட்டுத்தொகை 2038ஐத் தாண்டிய 2006 மே மாதத்தில், அந்த ஏற்பாட்டில் ஓடியவை நின்றுபோயின. தேதிப் பழுது நாட்காட்டியில் அந்த நாள் வரும்வரை காத்திருப்பதில்லை. அந்த நாளைப் பற்றி யாராவது கணக்குப் போடும் முதல் தருணத்திலேயே வெளிப்படுகிறது.

பதில்: ஓய்வுபெற்ற கோபோல் நிரலாளர்

தம்பி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். 1990களின் பிற்பாதியில் சென்னையில் இருந்துகொண்டு வெளிநாட்டுக் காப்பீட்டு நிரல்களைத் திருத்திய பல்லாயிரம் பேரில் நானும் ஒருத்தி. அச்சம் நியாயமானதுதான், ஆனால் மக்கள் அஞ்சிய பொருள்களில் பல தவறானவை. இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னால்தான் உங்கள் குழு கேட்கும்.

ஒய்2கே பழுதின் வேர், 1999ஐ 99 என்பதுபோல் ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதும் வழக்கம். அது சோம்பலால் வந்ததன்று. எண்பது நெடுவரிசை கொண்ட துளை அட்டையிலும், மிகுந்த விலை கொடுத்து வாங்கிய நினைவகத்திலும் ஒவ்வோர் எழுத்துக்கும் செலவு இருந்தது. அந்த நிரல்கள் முப்பது ஆண்டு வாழும் என்று எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை. நான் பார்த்த நிரல்களில் 00 என்பது 99ஐவிடச் சிறியது என்பதால், புதுப்பித்த பாலிசி காலாவதியானதாகவும், குழந்தை முதியவராகவும் கணக்கில் ஏறும். கவனியுங்கள், நிரல் நிற்காது. பிழைச் செய்தியும் வராது. தவறான எண்ணை அச்சிட்டுவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடும். எங்களுக்கு இருந்த அச்சம் இதைப் பற்றியதுதான்.

ஒன்றுமே நடக்கவில்லை என்பது உண்மையும் அன்று. பிரிட்டனின் ஷெஃபீல்டு நகரில், கருவிலிருக்கும் குழந்தைக்கு டவுன் நோய்க்குறி இருக்கும் வாய்ப்பைக் கணிக்கும் மருத்துவமனைக் கணினி ஒன்று, 2000 ஜனவரி முதல் தாய்மார்களின் வயதைத் தவறாகக் கணக்கிட்டது. மே மாதம்வரை அது யாருக்கும் தெரியவில்லை. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு, அவர்கள் கூடுதல் ஆபத்துப் பிரிவில் இருந்தும், ஆபத்து குறைவு என்று முடிவு சொல்லப்பட்டது. அந்தக் குடும்பங்களுக்கு ஒய்2கே என்பது ஊடகம் கிளப்பிய புரளியாக இருந்திருக்க முடியாது. விளக்குகள் அணைந்தனவா என்று மட்டும் கேட்பவர்களின் கண்ணுக்கு இத்தகைய பாதிப்பு படுவதே இல்லை. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

வேறு சிலவும் உண்டு. அதே நாட்டில் 1999 டிசம்பர் 28 அன்றே, நான்கு நாள் முன்னோக்கித் தேதி பார்க்கும் அட்டை இயந்திரங்கள் ஆயிரக்கணக்கான கடைகளில் வேலை செய்ய மறுத்தன. ஜப்பானில் ஷிகா அணுமின் நிலையத்தின் கதிர்வீச்சுக் கண்காணிப்புக் கருவி நள்ளிரவு கடந்ததும் பழுதானது. ஆபத்து ஏதும் நேரவில்லை. அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இணையப் பக்கம் ஆண்டை 19100 என்று காட்டியது.

பதில்: முன்னாள் வங்கி அலுவலர்

அம்மையாரின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் சங்கத்தின் மூத்தவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது என்பதைப் பொறுப்பாளர் மறந்துவிடக் கூடாது. உலகெங்கும் 30,000 கோடி முதல் 60,000 கோடி டாலர்வரை செலவாகும் என்று கார்ட்னர் என்ற தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 10,000 கோடி டாலர் செலவானதாக அந்நாட்டு வணிகத்துறை கணக்கிட்டது. மக்கள் பணத்தை எடுக்க வங்கிகளுக்கு ஓடுவார்கள் என்று அஞ்சி, 5,000 கோடி டாலர் மதிப்புள்ள நோட்டுகளைக் கூடுதலாக இருப்பு வைக்க அமெரிக்க மைய வங்கி ஏற்பாடு செய்தது. ஆனால் மிகத் தாமதமாகத் தொடங்கி மிகக் குறைவாகச் செலவிட்ட இத்தாலியிலும் ரஷ்யாவிலும்கூடப் பேரிடர் எதுவும் நிகழவில்லை. செலவிட்டவருக்கும் செலவிடாதவருக்கும் ஒரே விளைவு என்றால், செலவுதான் காத்தது என்று எப்படிச் சொல்வது? மின்தூக்கியிலும் போக்குவரத்து விளக்கிலும் இருக்கும் சில்லுகள் நின்றுவிடும் என்று சொல்லி, அரிசியும் மெழுகுவத்தியும் வாங்கிக் குவிக்கவைத்ததற்கு யாராவது பொறுப்பேற்றார்களா?

பதில்: ஓய்வுபெற்ற கோபோல் நிரலாளர்

ஐயா, உங்கள் கடைசிக் கேள்வியில் எனக்கு மாறுபாடில்லை. அத்தகைய சில்லுகளில் பெரும்பாலானவை ஆண்டைப் பார்ப்பதே இல்லை. அந்த அச்சம் ஆதாரமின்றிப் பரவியது, அதை முன்வைத்து ஆலோசனை விற்றவர்களும் இருந்தார்கள். இந்த வேலையால் இந்திய நிறுவனங்கள் வளர்ந்தன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இத்தாலி வாதத்தை ஏற்க முடியவில்லை. அந்நாட்டு அலுவலகங்களில் ஓடியவையும் ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், ஆரக்கிள் போன்றோரின் மென்பொருள்களே. முன்னதாகப் பணம் கொடுத்த நாடுகளின் நெருக்குதலால் உருவான திருத்தங்கள், புதிய பதிப்புகளோடு சேர்ந்து எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தன. 1999இல் தொடங்கியவருக்கு, 1995இல் தொடங்கியவர் உருவாக்கிய கருவிகளும் வழிமுறைகளும் மலிவாகக் கிடைத்தன. ரஷ்யாவில் கணினியை நம்பி இயங்கிய துறைகள் அமெரிக்காவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. கையால் செய்யும் மாற்றுவழி பல இடங்களில் உயிரோடு இருந்தது. சிறு நிறுவனங்கள், பழுதானபின் சரிசெய்துகொள்வோம் என்று காத்திருந்து தப்பின, அதையும் மறுக்கவில்லை. அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது, சிறிய அமைப்புக்குப் பெரிய செலவு தேவையில்லை என்பதே. பெரிய அமைப்புகளையும் சும்மா விட்டிருக்கலாம் என்று அதிலிருந்து முடிவுக்கு வர இயலாது. நான் திருத்திய காப்பீட்டு நிரல்களைச் சோதனைக் கணினியில் 2000ஆம் ஆண்டுத் தேதியோடு ஓட்டியபோது தவறான தொகைகள் வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவற்றை அப்படியே விட்டிருந்தால் யாருக்கோ ஓய்வூதியம் நின்றிருக்கும்.

அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் இந்த வேலையை 1989இலேயே தொடங்கியது. பதினோர் ஆண்டு இருந்தும் அவர்கள் தொடங்கினார்கள் என்பதை உங்கள் குழுவிடம் சொல்லுங்கள், தம்பி.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. 86400 என்று தேடியதில் கடன், நிரந்தர வைப்பு, பங்கு ஈவு ஆகிய மூன்று பகுதிகளிலும் அது இருக்கிறது. வங்கி அலுவலர் ஐயா எழுப்பிய கேள்வியையே குழுவும் கேட்கும் என்பதால், அதற்கான பதிலையும் சேர்த்தே எழுதி வைக்கப்போகிறேன். அச்சத்தைச் சொல்லிக் கேட்காமல், இந்த மூன்று பகுதிகளுக்கு மட்டும் செலவு கேட்கலாம் என்று நினைக்கிறேன். சர்வரின் கடிகாரத்தை 2038க்கு நகர்த்திவைத்துப் பழுதை நேரில் காட்டலாமா? தேதி எண்ணைக் குறியில்லாத எண்ணாக மாற்றினால் போதுமா?

பதில்: லினக்ஸ் நிர்வாகி

நடப்புச் சர்வரில் கடிகாரத்தைத் தொடவே கூடாது. காப்புப்பிரதிகள், கடவுச்சொல் காலக்கெடு, பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாமே குழம்பிவிடும்; உறுப்பினர் கணக்கில் எதிர்காலத் தேதியில் வட்டி விழுந்தால் அதைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. வேறொரு கணினியில் மெய்நிகர் இயந்திரமாக (கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் தனிக் கணினியாக) ஒரு நகலை ஏற்றி, வலையமைப்பிலிருந்து துண்டித்து, அதில் ஓட்டிக் காட்டுங்கள். திருத்தியபின் மறுபடியும் முழுச் சோதனை வேண்டும். 2000 புத்தாண்டில் அமெரிக்க உளவு செயற்கைக்கோள்களின் தகவலைக் கையாளும் தரைநிலையக் கணினி செயலிழந்ததற்கு, ஒய்2கேக்காகப் போட்ட திருத்தமே காரணமாயிற்று.

குறியில்லாத எண் 2106வரை தாங்கும். ஆனால் 1970க்கு முன் பிறந்த உறுப்பினர்களின் பிறந்த தேதியை அதே முறையில் சேமித்திருந்தால் அவை கெட்டுவிடும். கடன் சங்கத்தில் அப்படிப்பட்டவர்கள் கட்டாயம் இருப்பார்கள். 64 பிட்டுக்கு மாறுவதே சரி. 32 பிட் லினக்ஸிலேயே தொடர வேண்டியிருந்தாலும், 2020இல் வந்த 5.6 கெர்னலும் (லினக்ஸின் மையப் பகுதி) 2021இல் வந்த ஜிலிப்சி 2.34 என்ற சி மொழி நூலகமும் 64 பிட் நேரத்துக்கு இடம் தருகின்றன. அதற்கு நிரலை அந்த ஏற்பாட்டோடு மறுபடி தொகுக்க வேண்டும். 32 பிட்டில் எழுதப்பட்டுள்ள பழைய தரவுக் கோப்புகளையும் மாற்ற வேண்டும். பலரும் மறந்துவிடுவது இந்தக் கோப்புகளைத்தான். மையெஸ்க்யூஎல் தரவுத்தளம் ஏதேனும் இணைந்திருந்தால், அதில் தேதி, நேரத்தைச் சேமிக்கும் டைம்ஸ்டாம்ப் வகைக்கும் 2038 எல்லை உண்டு என்பதால் அதையும் பட்டியலில் சேருங்கள்.

பதிவுக் கோப்பின் அமைப்பை, உறுப்பினர் விவரம் எதுவும் இல்லாமல், இங்கே பகிர்ந்தால் எந்தெந்தப் புலங்கள் அகலமாக வேண்டும் என்று குறித்துத் தருகிறேன். எத்தனை நாள் வேலை என்பதை அதைப் பார்த்தபின்தான் சொல்ல முடியும். அந்த மதிப்பீட்டோடு குழுவைச் சந்திப்பது நல்லது.