கண்ணாடிக்கு அப்பால் என்ன பேசுகிறார்கள்? டாக்பேக் அனுபவங்கள்: ஐவர் புனைபெயரில் எழுதியவை

வில்லும் ரோசனமும்

ஒலிப்பதிவாளரின் அறையிலிருந்து வாசிப்பவரின் ஹெட்போனுக்குப் பேச்சை அனுப்பும் இணைப்புதான் டாக்பேக். அது மூடியிருக்கும்போது படும் பாடு, வீட்டு ஸ்டுடியோக்களில் வாசிப்பவர்களுக்குப் புதிதாக இராது. படுக்கையறையைக் கருவி வாசித்துப் பதிவு செய்யும் அறையாக மாற்றி, நடுச்சுவரில் கண்ணாடி பதித்திருந்தார்கள். மோகனத்தில் அமைந்த இடையிசையை வாசித்து முடித்ததும், ஹெட்போனில் தாளம் காட்டும் கிளிக் நின்றது. தம்புராவும் நின்றது. கண்ணாடிக்கு அப்பால் இசையமைப்பாளரும் ஒலிப்பதிவாளரும் பேசினார்கள், ஒருவர் தலையை ஆட்டினார், பிறகு இருவரும் சிரித்தார்கள். என் காதில் ஒரு சொல்லும் விழவில்லை. வயலின் வில்லை மடியில் வைத்துக்கொண்டு, காந்தாரம் இறங்கிவிட்டதோ, கடைசிப் பிடி தாளத்தில் அமரவில்லையோ என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில் டாக்பேக்கைத் திறந்து, "இன்னொரு டேக் போகலாம் மேடம்" என்று மட்டும் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டை எங்கே வாங்குவது என்பதைத்தான் அவர்கள் அத்தனை நேரம் பேசியிருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அடுத்த டேக்கை நான் பயந்து, கமகங்களைக் குறைத்து, நேர்நேராக வாசித்தேன். வெளியான பாட்டில் இருப்பது அதுதான்.

மொட்டைமாடி ஒலி

மேலே எழுதியவரின் வருத்தம் நியாயமானது. ஆனால் எதிர்த்திசையில் பேச்சு வரும் வழியைப் பற்றி ஒருவரும் கவலைப்படுவதில்லை. எங்கள் மாடியறையில் ஒரு தவில் வித்துவான் வாசித்தார். தவிலின் ஓசைக்கேற்ப மைக்கின் கெய்னை (ஒலியை ஏற்கும் அளவை) வெகுவாகக் குறைத்திருந்ததால், அவர் சாதாரணமாகப் பேசியது எங்களுக்கு முணுமுணுப்பாகக்கூட எட்டவில்லை. ஹெட்போனில் சுருதி காதைக் கிழித்திருக்கிறது. வலக்கை விரல்களில் கூடுகள், இடக்கையில் கழி. பக்கத்திலிருந்த ஒலித் திருகைத் தொடவும் அவரால் முடியவில்லை. பாட்டு முழுவதையும் அப்படியே வாசித்துவிட்டு, கழியால் தம் காதைச் சுட்டிக்காட்டினார். அவர் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

வாசிப்பவர் பேசுவது இப்பக்கம் கேட்பதற்கென்றே பெரிய ஸ்டுடியோக்களில் லிசன் மைக் தொங்கும். எஸ்எஸ்எல் நிறுவனத்தின் கன்சோலில் (ஒலிக்கலவை மேசையில்) அந்த மைக்கின் ஒலியைக் கடுமையாக அழுத்தும் கம்ப்ரஸர் உண்டு. கிசுகிசுப்பும் அதிரடியும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும். லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில், பாடகர் பீட்டர் கேப்ரியலின் 1980ஆம் ஆண்டு இசைத்தொகுப்புக்காக ஃபில் காலின்ஸ் டிரம்ஸ் வாசித்தபோது அந்த மைக் திறந்திருந்தது. அதில் கேட்ட ஓசை பிடித்துப்போய், ஒலிப்பதிவாளர் ஹியூ பாட்ஜம் கன்சோலின் இணைப்பையே மாற்றி, அதையும் பதிவு செய்ய வழி செய்தார். கேட் (ஓசை தணிந்ததும் சட்டென வெட்டிவிடும் கருவி) சேர்ந்த அந்த டிரம்ஸ் ஓசைதான் எண்பதுகளை ஆண்டது.

இரண்டாம் குரல்

டாக்பேக் மூடியிருப்பது ஒரு துன்பம். திறந்தே கிடப்பது வேறொரு துன்பம். பல்லவிக்கு இரண்டாம் அடுக்குக் குரல் பாடக் காத்திருந்தேன். "மேல் ஸ்தாயியில் மெலிகிறதே, இவரைத் தற்காலிக டிராக் மட்டும் பாடவைத்துவிட்டு, பிறகு வேறு யாரையாவது கூப்பிடலாமா?" என்ற பேச்சு, காதோடு காதாகச் சொன்னதுபோல் தெளிவாக வந்தது. நான் இருமினேன். ‘டக்’ என்று பொத்தானின் ஓசை, பிறகு மௌனம். சற்றுக் கழித்து அதே குரல், "அருமையாக வருகிறது மேடம்" என்றது.

பேட்ச் கார்டு

பாடகி அவர்களுக்கு நேர்ந்ததற்குக் காரணம் மனிதர்கள் மட்டுமல்லர், பொத்தானும்தான். மொட்டைமாடி நண்பரோ, வாசிப்பவர் பேசுவதைக் கேட்பதற்காக லண்டன் வரை போகவேண்டியதில்லை. தவில் வித்துவானின் அருகில் சும்மா கிடக்கும் ஒரு மைக்கை நிறுத்தி, அதைப் பதிவுக்கு அனுப்பாமல் கேட்பதற்கு மட்டும் வைத்திருந்தால் போதுமானது. எங்கள் வீட்டில் ஒரு மிருதங்கப் பதிவின் நடுவே "டீ ஆறுகிறது" என்ற குரல் பாட்டோடு சேர்ந்து பதிவாகியிருக்கிறது, ஆகவே சொல்கிறேன்.

ஒருமுறை அழுத்தினால் திறந்தே நிற்கும் பொத்தான் டாக்பேக்குக்கு ஆகாது. அழுத்தியிருக்கும் வரை மட்டும் திறந்து, கையையோ காலையோ எடுத்தவுடன் மூடிக்கொள்ளும் பொத்தானோ ஃபுட்ஸ்விட்சோ வேண்டும். மேடை மைக்கிலுள்ள சுவிட்சை நம்புவதும் சரியன்று. அது நின்ற இடத்திலேயே நிற்பதோடு, சிலவற்றில் போடும்போதும் அணைக்கும்போதும் ஹெட்போனில் ‘பட்’டென்று அடிக்கும். டாக்பேக் ஒலி ஹெட்போனுக்குச் செல்லும் க்யூ மிக்ஸில் மட்டும் சேரவேண்டும்; பிரதான மிக்ஸில் சேர்ந்தால், அங்கிருந்து எடுக்கும் பிரதியிலும் நம் பேச்சு ஏறிவிடும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவியான ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20 மூன்றாம் தலைமுறையில் டாக்பேக் மைக் உள்ளேயே இருக்கிறது. ஆர்எம்இ நிறுவனத்தின் டோட்டல்மிக்ஸ் மென்பொருளில் டாக்பேக், லிசன்பேக் (வாசிப்பவர் பேசுவது நமக்குக் கேட்கும் வழி) இரண்டுக்கும் இடமுண்டு. பேசும்போது மற்ற ஒலியை அதுவே தணித்துவிடும். லிசன் மைக்கைப் பாட்டு ஓடும்போது மூடிவைக்காவிட்டால், அறையின் இரைச்சல் நம் காதில் வந்து கொட்டும்.

லேட்டன்சியை, அதாவது ஒலி கணினி வழியாக வந்துசேர ஆகும் தாமதத்தைக் கண்டு எல்லோரும் அஞ்சுகிறார்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்து அனுப்பும் ஒலியளவு) என்றால் ஒரு வழிக்கு மட்டும் சுமார் 21 மில்லி நொடி. 128 என்றால் 3 மில்லி நொடிக்கும் குறைவு. வாசிப்பவருக்குத் தம் ஓசையே தாமதமாகக் கேட்டால் தாளம் கலையும். நம் பேச்சு அவ்வளவு தாமதமாகச் சென்றால் குடிமுழுகிப் போகாது. சுவர் மெல்லியதாக இருந்து, நம் குரல் நேராக ஒருமுறையும் ஹெட்போனில் இன்னொருமுறையும் கேட்டால்தான் எரிச்சல்.

யாழ் மைக்

யாழ்ப்பாணத்தில் என் வீட்டிலிருந்து, சென்னையிலுள்ள இசையமைப்பாளருக்குப் பாடினேன். அவருடைய டாக்பேக், என் ஹெட்போனுக்கு அடியில் ஒரு காதில் நான் செருகிய தொலைபேசி இயர்போன்தான். நான் கதைத்தால் அவருக்குக் கேட்டது, பாடினால் மறைந்தது. அழைப்பின் இரைச்சல் தணிப்பு என் ஆலாபனையை இரைச்சலாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. "தங்கச்சி, பாடுகிறீர்களா, நிறுத்திவிட்டீர்களா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு வரியையும் கோப்பாக அனுப்பி, அவர் சரி என்னும் வரை மைக்கின் முன் நின்றேன். பிறகு ஜூமுக்கு மாறி, இசைக்கலைஞர்களுக்கான அசல் ஒலி அமைப்பைத் திறந்ததும் கேட்கத் தொடங்கியது. அதற்குள் கடைசிச் சரணம் மட்டுமே மீதமிருந்தது.