மறு: லேண்ட்ஃபில் கேஸ் – தமிழில் என்ன?

வணக்கம்.

லேண்ட்ஃபில் கேஸ் என்பது புதைத்த குப்பை மக்கும்போது உள்ளே ஊறும் வாயு. அதற்கு 'நிலநிரப்பு வாயு' என்பது எனக்கு ஒப்பவில்லை. எதைக் கொண்டு நிரப்பினார்கள் என்பது அதில் இல்லை. பள்ளத்தில் மண்ணடித்த வீட்டுமனைக்கும் பொருந்திவிடும். 'குப்பை எரிவாயு' சொல்ல எளிதுதான். ஆனால் படிப்பவர், குப்பையையே உலையில் போட்டு எரிப்பதாக நினைத்துக்கொள்வார். இலங்கையில் கெரவலப்பிட்டியில் நடப்பது அந்த எரிப்பு. மலேசியாவில் பூச்சோங் அருகே ஆயர் ஹீத்தாமில் 2004இல் ஓடத் தொடங்கிய 2 மெகாவாட் நிலையம் வேறு வகை. குப்பை புதைத்த மேட்டுக்குள் துளைக்குழாய்களை இறக்கி, உள்ளே ஊறும் வாயுவை உறிஞ்சி, எஞ்சினுக்குக் கொடுப்பது.

சாண எரிவாயுவோடும் சேர்க்க முடியாது. அங்கே கலனுக்குள் போடுவதை நாம் கூட்டலாம், குறைக்கலாம். இங்கே போட்டது போட்டதுதான். மேட்டை மூடிய பிறகும் பல ஆண்டுகள் வாயு வரும், மெல்லக் குறையும். ஏறக்குறைய பாதி மீத்தேன், மீதியில் பெரும்பங்கு கார்பன் டை ஆக்சைடு. பேராசைப்பட்டு அதிகமாக உறிஞ்சினால் வெளிக்காற்று உள்ளே புகும். மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் முடங்கும், மேட்டுக்குள் தீயும் பிடிக்கலாம்.

ஆகவே 'புதைகுப்பை வாயு' என்கிறேன். வினைத்தொகை, ஊறுகாய் போல. புதைத்த, புதைக்கிற, புதைக்கும் குப்பை எல்லாம் அடங்கும். 'புதைவாயு' என்று சுருக்கலாமே என்று கேட்டிருந்தீர்கள். இயற்கை எரிவாயுவும் புதைந்து கிடப்பதுதானே!

சென்னை கொடுங்கையூரில் எங்கே புதைத்தோம், கொட்டத்தானே செய்தோம் என்ற உங்கள் கேள்வி சரி. அது குப்பைமேடு, அப்படியே இருக்கட்டும். மேலே சரியான மூடாக்கு இல்லாத இடத்தில் வாயு கண்ட பக்கமெல்லாம் கசிந்துவிடும், பிடிப்பது கடினம். சொல்லிலும் அந்த வேறுபாடு தெரிவது நல்லதே.

சிலாக்சேன் என்ற சிலிக்கான் சேர்மத்தின் பெயரைத் தமிழாக்க வேண்டாம். ஷாம்பு, அழகுப்பொருள்கள் வழியாகக் குப்பைக்கு வந்து, எஞ்சினில் எரிந்து, சிலிண்டரில் மணல்போல் படிகிற சனியன் அது. 'சிலாக்சேன் நீக்கி' போதும்.

அப்புறம், ஃபிளேர், அதாவது வாயுவை எரித்துத் தீர்க்கும் கருவி. எஞ்சின் நிற்கும்போது மீத்தேனைச் சும்மா வெளியே விடக்கூடாது. நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட 25 மடங்குக்கு மேல் சூடேற்றும். அதனால் எரித்துவிடுகிறார்கள். 'சுடர்க்குழல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் மூடிய வகையில் சுடர் வெளியே தெரியாது. வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள்.