யார் பார்த்துக்கொண்டிருந்தது?

சாரல்

ஆறு வருடம் ஆகிறது. அக்கா பையன், ஒன்றே கால் வயது, நடக்க ஆரம்பித்து ஒரு மாதம். வீடு நிறைய ஆட்கள். குளியலறை வாளி. மேலே விவரிக்க வேண்டியதில்லை, விபத்தில் குழந்தை போனதைச் சுமப்பவர்கள் எழுதும் இந்தக் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

என்னை விடாமல் பிடித்திருப்பது அதற்கு அப்புறம் நடந்தது. மருத்துவமனை வராண்டாவில் நின்றிருந்தோம். டாக்டர் சொல்லிவிட்டுப் போய் ஐந்து நிமிடம்கூட இருக்காது. பெரியம்மா கேட்டார், "பிள்ளையை யார் பார்த்துக்கிட்டு இருந்தது?" யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் எல்லோர் கண்ணும் அக்கா பக்கம் திரும்பியது. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் அவள் சட்டை இடுப்பு வரை நனைந்திருந்தது. குனிந்து அந்த ஓரத்தைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் எப்போதோ வடிந்துவிட்டது, ஆனாலும் பிழிந்தாள்.

அந்த வாளியை நிரப்பி வைத்தது நான். குளிக்கப் போனேன், போன் வந்தது, வெளியே வந்துவிட்டேன். கதவைச் சாத்தினேனா என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை. பெரியம்மா கேட்டபோது நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்காவைத்தான் இன்னமும் "கவனிக்காம விட்டவ" என்கிறார்கள்.

பழைய ஓட்டுநர்

என்னுடையது வேன். பின்னால் எடுத்தேன், நடக்கிற வேகம்கூட இல்லை. இரண்டு பக்கக் கண்ணாடியும் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தை. விசாரணையில் என் மேல் தவறில்லை என்று முடித்துவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து அந்த அப்பா வாசலுக்கு வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "கண்ணாடியில ஏதாவது தெரிஞ்சுதா?" இல்லை என்றேன். "சிவப்புச் சட்டை போட்டிருந்தான்" என்றார். போய்விட்டார்.

அமெரிக்காவில் 2018 மே மாதத்திலிருந்து புது கார்களில் பின்புறக் கேமரா கட்டாயம். அதற்கு வழிசெய்த சட்டம் 2008-இல் கையெழுத்தானது. அதற்காகப் போராடியவர்களில் ஒருவர், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது தன் இரண்டு வயது மகனையே இழந்த ஒரு அப்பா. ஓட்டியது அவரேதான். அவரைப் பற்றி நான் பலமுறை படித்திருக்கிறேன். அந்த மனிதர் எப்படி எழுந்து நின்று பேசினார் என்று தெரிந்துகொள்ளத்தான்.

இரவுப் பணி

சாரல், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இங்கே எழுதி என்ன பயன்? அக்காவிடம் சொல்லுங்கள். இன்றைக்கே. ஆறு வருடம் ஒருத்தி தனியாகப் பழி சுமக்கிறாள், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் அவசரப் பிரிவில் நர்ஸ். என் கதை சின்னது. ஒரு இரவு இப்படித்தான் ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள், எங்களால் முடியவில்லை. நான் முதலில் கேட்ட கேள்வியும் "கூட யார் இருந்தீங்க?" என்பதுதான். எத்தனை நிமிடம் தண்ணீரில் இருந்தது என்று தெரிய வேண்டும், அதற்காகக் கேட்டேன். அந்தப் பாட்டி காதில் அது வேறு மாதிரி விழுந்தது. அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். இப்போது நான் "எப்போ பார்த்தீங்க?" என்று மட்டும்தான் கேட்கிறேன்.

சின்னக் குழந்தை இருக்கிற எல்லோருக்கும் இதையும் சொல்லிவிடுகிறேன். நடை பழகும் வயதில் தலைதான் பாரம். வாளிக்குள் குனிந்து விழுந்தால் கையை ஊன்றி எழ முடியாது. சில அங்குலத் தண்ணீர் போதும். அலறல் கேட்கும் என்று காத்திருக்காதீர்கள், பெரும்பாலும் சத்தமே வராது. உபயோகம் முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள், குளியலறைக் கதவில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். ஆள் நிறைய இருக்கும் நாளில்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் எல்லோரும் வேறு யாரோ பார்ப்பதாக நினைப்பார்கள். ஒருவர் பெயரைச் சொல்லி "இந்த அரை மணி நேரம் நீ" என்று ஒப்படையுங்கள், அவர் எழுந்தால் அடுத்தவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழட்டும். மூச்சில்லாமல் எடுத்தால் தலைகீழாகப் பிடித்து வயிற்றை அமுக்காதீர்கள். முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள், பிறகு 30 முறை மார்பை அழுத்தி 2 முறை மூச்சு, உதவி வரும்வரை. இதை ஒரு நாள் வகுப்பில் கற்றுக்கொள்ளலாம், தயவுசெய்து கற்றுக்கொள்ளுங்கள்.

ஓரமாய் ஒருத்தி

இரவுப் பணி, நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் "தாழ்ப்பாள் போடுங்கள்" என்பதை, போடாமல் இழந்தவர்கள் இருக்கும் இடத்தில் படிப்பது எப்படி இருக்கும்? என் மகள் போய் ஒன்பது வருடம். படிக்கட்டுக் கதவு. எனக்கு அதன்பின் கிடைத்ததெல்லாம் யோசனைகள்தான். நடந்து முடிந்ததைத் தெரிந்துகொண்டு பார்த்தால் எதுவும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதாகத்தான் படும். பிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் 1975-இலேயே இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார். முடிவு சொல்லப்பட்டவர்கள், அது நடக்கும் என்று முன்பே ஊகித்திருக்கலாம் என்றே நினைத்தார்கள். என் மாமியார் அதைப் படித்ததில்லை.

"இன்றைக்கே சொல்லுங்கள்" என்றீர்களே. எனக்கு அப்படி ஒருவர் வந்து சொன்னார். என் கொழுந்தனார். நாலு வருடம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, "கதவைத் திறந்து வெச்சது நான்தான் அண்ணி" என்றார். நிம்மதி வரவில்லை. ஒரு வருடம் அவரோடு பேசவில்லை. கதவுக்காக இல்லை. எல்லோரும் என்னைக் கேட்ட நாலு வருடமும் அவர் அதே அறையில் இருந்தாரே, அதற்காக.

ஆனால் அந்த ராத்திரிதான் நான் முதல்முறையாகப் பாதியில் எழாமல் தூங்கினேன். அதையும் சொல்ல வேண்டும்.

சாரல், சொல்வதானால் உங்கள் பாரம் இறங்குவதற்காகச் சொல்லாதீர்கள். அவள் திட்டினால் நின்று கேட்கிற தெம்பு இருக்கும்போது சொல்லுங்கள். பெரியம்மா முன்னாலேயே சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது.

சாரல்

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா வருகிறாள், பெரியம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். வாளியைப் பற்றிச் சொல்வேன். செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றதையும் சொல்வேன்.