செவிலியராகிய நானும் ஆசிரியராகிய என் கணவரும் ஒருசேரச் சோர்ந்துபோயிருக்கிறோம்: பணியிடத்திலேயே செய்யக்கூடியது என்ன?

கேள்வி (அரசு மருத்துவமனைச் செவிலியர்)

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையில் பதினொரு ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். என் கணவர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். எங்கள் இருவருக்கும் வேலை பிடிக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே 'பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாமே' என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள்.

சென்ற மாதம் அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பெண்ணின் தாயார், 'என் மகள் எப்போது சாப்பிடலாம்?' என்று மூன்றாவது முறையாகக் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், மருந்துத் தாளைப் பார்த்தபடியே பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர் முகமே எனக்கு நினைவில் இல்லை என்பது உறைத்தது. உடல் களைப்பு எனக்குப் பழகிய ஒன்று. அது என்னை அச்சுறுத்தவில்லை, இதுதான் அச்சுறுத்தியது. என் கணவரும் முன்பெல்லாம் மாலையில் வந்ததும் மாணவர்களைப் பெயர் சொல்லிக் கதை சொல்வார். இப்போது பதிவேடு, எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களைப் பதிவேற்றும் அரசு இணையதளம்) உள்ளீடு, தேர்ச்சி விழுக்காடு ஆகியவற்றைத் தவிர வேறு எதுவும் அவர் வாயிலிருந்து வருவதில்லை.

அண்மையில் எங்களுக்கு மீள்திறன், அதாவது அழுத்தத்திலிருந்து மீண்டெழும் திறன் பற்றி ஒரு மணி நேரப் பயிற்சி நடந்தது. இரவுப்பணி முடித்தவர்களும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து கேட்டோம். அங்கே கற்றுக்கொடுத்த மூச்சுப் பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. செய்தபோது இதமாகவே இருந்தது. ஆனால் மறுநாள் இரவு அதே முப்பத்தெட்டுக் கட்டில்களுக்கு நானும் ஒரு பயிற்சி மாணவியும் மட்டுமே இருந்தோம். எனக்கு வந்திருப்பது நோயா, இல்லையா? அரசாணைக்காகக் காத்திருக்காமல் ஒரு வார்டு அளவில், ஒரு பள்ளி அளவில் உருப்படியாக என்ன செய்ய முடியும்? செய்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1 (மனநல மருத்துவர்)

சகோதரி, முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில், 2019-இல், பணிச்சோர்வை (ஆங்கிலத்தில் 'பர்ன்அவுட்') ஒரு நோயாக அல்லாமல் பணி சார்ந்த ஒரு நிகழ்வாகவே சேர்த்தது. பணியிடத்தில் நெடுநாளாகத் தொடர்ந்தும் சரிவரக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவு என்று அதற்கு விளக்கமும் தந்தது. அதற்கு மூன்று முகங்கள் உண்டு: ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, 'நான் செய்வதால் எந்தப் பயனும் இல்லை' என்று தோன்றுவது. அந்தத் தாயாரின் முகம் உங்கள் நினைவில் இல்லாமற் போனது இவற்றில் இரண்டாவது. நீங்கள் இரக்கமற்றவராகிவிட்டீர்கள் என்று அதற்குப் பொருளல்ல. தாங்கும் அளவைக் கடந்த சுமையிலிருந்து மனம் தன்னைக் காத்துக்கொள்ளத் தேடும் வழி அது.

இந்தச் சொல் மருத்துவ உலகுக்குள் வந்த வரலாற்றையும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது. நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையம் ஒன்றில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், தம்மையும் தம்முடன் இருந்த தொண்டர்களையும் கவனித்து 1974-இல் இதைப் பற்றி எழுதினார். அவர்கள் யாரும் கட்டாயத்தால் வந்தவர்கள் அல்லர், மிகுந்த ஈடுபாட்டோடு வந்தவர்கள். முதலில் சோர்ந்தவர்களும் அவர்களே. ஆகவே 'எனக்கு ஈடுபாடு குறைந்துவிட்டதோ' என்று உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதீர்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பணிச்சோர்வும் மனச்சோர்வு நோயும் ஒன்றல்ல, எனினும் ஒன்று மற்றொன்றுக்குள் நழுவக்கூடும். பணிச்சோர்வு பெரும்பாலும் வேலையை ஒட்டியே இருக்கும். நான்கு நாள் விடுப்பில் ஊர்த் திருவிழாவுக்குப் போனால் கொஞ்சமாவது தளரும். மனச்சோர்வு நோய் திருவிழாவுக்கும் கூடவே வரும். இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் எதிலும் நாட்டமின்மை, தூக்கக் கேடு, தன்னையே வெறுக்கும் எண்ணம், உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்ற நினைப்பு ஆகியவை இருந்தால் அதைப் பணிச்சுமை என்று தள்ளிவைக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மருத்துவமனையில் வேலை செய்பவர்கள்தாம் இந்த எண்ணை மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் தாங்கள் அழைக்கத் தயங்குகிறார்கள். உங்கள் கணவரிடமும் சொல்லுங்கள்.

பயிற்சி வகுப்பைப் பற்றி ஒரு சொல். மருத்துவர்களின் பணிச்சோர்வைக் குறைக்கும் முயற்சிகளை ஆராய்ந்த பத்தொன்பது ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் ஓர் ஆய்வுரை வெளிவந்தது. தனிமனிதருக்குத் தரும் பயிற்சிகளால் சிறிதளவு பலன் உண்டு என்றும், பணி அமைப்பையே மாற்றிய முயற்சிகளின் பலன் அதைவிடப் பெரிது என்றும் அது காட்டியது. மூச்சுப் பயிற்சியைக் கைவிட வேண்டாம். பணிப்பட்டியல் செய்ய வேண்டிய வேலையை அதனிடம் எதிர்பார்க்கவும் வேண்டாம்.

பதில் 2 (ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்)

தங்கச்சி, முப்பத்தெட்டுக் கட்டில்களுக்கு ஒருவர் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு நெஞ்சு கனத்தது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர், இவற்றோடு விடுப்புக்கு ஈடாக 30 விழுக்காடு கூடுதல் பணியிடங்கள் என்பதே இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். மாவட்ட மருத்துவமனைக்கான அளவு இதைவிடச் சற்றுத் தளர்வானது என்றாலும் உங்கள் வார்டின் நிலை அதற்கும் எட்டாத தொலைவில் இருக்கிறது. இந்த விடுப்பு ஒதுக்கீட்டைத்தான் நாம் பேசுவதே இல்லை. அது இல்லாத இடத்தில் ஒருவர் எடுக்கும் தற்செயல் விடுப்பு இன்னொருவரின் இரட்டைப் பணியாகிறது. பிறகு விடுப்பு கேட்பதே தோழிக்குச் செய்யும் துரோகம் போலத் தோன்றத் தொடங்கிவிடுகிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்க்கனும் அவர் குழுவினரும் 2002-இல் வெளியிட்ட முடிவை, நான் பணியில் இருந்த காலத்தில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் எழுதி எடுத்துச் செல்வேன். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சை நோயாளிகள் முப்பது நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடும், அந்தச் செவிலியர் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 விழுக்காடும் கூடுகின்றன என்பதே அது. நம் களைப்பைப் பற்றி மட்டும் பேசினால் 'எல்லோருக்கும்தான் களைப்பு' என்பார்கள். நோயாளியின் உயிரையும் சேர்த்துப் பேசினால் கேட்பார்கள். கலிஃபோர்னியா 1999-இல் சட்டம் இயற்றி 2004 முதல் செவிலியர் விகிதத்தைக் கட்டாயமாக்கியதும் இப்படி வாதாடிய செவிலியர் சங்கங்களின் உழைப்பால்தான்.

இனி, ஆணை எதுவும் தேவைப்படாத சிலவற்றைச் சொல்கிறேன். பணிப்பட்டியலைக் காலை, மதியம், இரவு என்ற வரிசையில் முன்னோக்கிச் சுழற்றினால் உடல் ஓரளவு ஈடுகொடுக்கும். இரவிலிருந்து மதியம், மதியத்திலிருந்து காலை என்று பின்னோக்கிச் சுழற்றினால் தூக்கம் சிதைந்துவிடும். பட்டியலை ஒரு வாரத்துக்கு அல்லாமல் ஒரு மாதத்துக்கு முன்கூட்டியே ஒட்டினால் பிள்ளையின் பள்ளி விழாவுக்கு யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்காது. இரவுப்பணி முடித்தவர்களைப் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ நிறுத்திவைக்கக் கூடாது. பயிற்சி நேரமும் பணி நேரமே என்று நான் பிடிவாதமாக இருந்ததால் சிலரின் மனத்தாங்கலுக்கும் ஆளானேன்.

இன்னொன்று, சாவைப் பற்றியது. பிரசவ வார்டில் ஒரு தாய் இறந்த இரவில், உடலை அனுப்பிய பத்தாவது நிமிடத்தில் அடுத்த பிரசவத்துக்குக் கையுறை மாட்டிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு, பணி மாறும் நேரத்தில் அந்த இரவில் இருந்த அனைவரும், துப்புரவுப் பணியாளர் உட்பட, பத்து நிமிடம் உட்கார்ந்து தேநீர் குடிப்பது என்று எங்கள் வார்டில் வழக்கமாக்கினோம். பேச விரும்பியவர் பேசலாம். யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்தக் கூடாது, யார் தவறு என்ற விசாரணையும் அங்கே கூடாது. பாஸ்டன் நகரில் 1995-இல் புற்றுநோயால் இறந்த கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற வழக்கறிஞரின் பெயரால், மருத்துவமனையின் எல்லா நிலைப் பணியாளர்களும் கூடித் தங்கள் மனச்சுமையைப் பகிரும் அமர்வுகள் பல நாடுகளில் நடப்பதாகப் பின்னர்தான் படித்தேன். எங்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் மறுநாள் வேலைக்கு வர முடிந்தது.

பதில் 3 (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்)

அம்மா, உங்கள் கணவருக்காக எழுதுகிறேன். இது என் தவறிலிருந்து நான் கற்றது. எங்கள் பள்ளியில் ஒரு கணித ஆசிரியை எதற்கும் முடியாது என்று சொல்ல மாட்டார். ஆகவே மெல்லக் கற்கும் மாணவர்களுக்கான மாலை வகுப்பு, எமிஸ் உள்ளீடு, யாராவது விடுப்பு என்றால் மாற்றுப் பாடவேளை, வாக்குச்சாவடி நிலை அலுவலர் பணி ஆகிய அனைத்தும் அவரிடமே போய்ச் சேர்ந்தன. அவற்றைக் கொடுத்தது நான்தான்; ஒவ்வொன்றாகக் கொடுத்ததால் மொத்தச் சுமை என் கண்ணில் படவில்லை. ஒரு ஜனவரியில் அவர் மூன்று மாத மருத்துவ விடுப்பில் போன பிறகு, அவர் செய்துகொண்டிருந்த வேலைகளைப் பிரித்துக் கொடுக்க ஐந்து பேர் தேவைப்பட்டார்கள்.

அதன் பிறகு, கற்பித்தலுக்கு அப்பாற்பட்ட ஒவ்வொரு வேலையையும் அதைச் செய்பவரின் பெயரையும் ஆசிரியர் ஓய்வறையில் பெரிய தாளில் எழுதி ஒட்டினேன். எழுதி ஒட்டிய அன்றே, கேட்காமலேயே இருவர் ஆளுக்கொரு வேலையை ஏற்றுக்கொண்டார்கள். யாருக்கும் தெரியாமல் இருந்ததுதான் பாதிச் சிக்கல். மாற்றுப் பாடவேளைக்கு முறை வைத்தோம். மாலை ஏழு மணிக்கு மேல் பள்ளி வாட்ஸாப் குழுவில் நானும் எதையும் அனுப்புவதில்லை என்று உறுதி எடுத்தேன். மேலிடத்திலிருந்து இரவு ஒன்பது மணிக்குப் புள்ளிவிவரம் கேட்டால் அதை மறுநாள் காலை பகிர்ந்தேன். சில முறை விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 27-ஆவது பிரிவு, பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிரக் கல்வி சாராத வேறு பணிகளில் ஆசிரியர்களை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. இந்தப் பிரிவை உங்கள் கணவர் சண்டைக்காக அல்லாமல், ஊழியர் கூட்டத்தில் பேச்சைத் தொடங்கும் முனையாக எடுத்துச் செல்லலாம்.

பதில் 4 (தொகுப்பூதியச் செவிலியர்)

பெரியவர்கள் சொன்ன அனைத்தும் சரி. ஆனால் இவை எல்லாம் வாய் திறந்து கேட்கும் நிலையில் இருப்பவர்களுக்குப் பொருந்துகின்றன. நான் தொகுப்பூதியத்தில் இருக்கிறேன். பணிப்பட்டியலைக் கேள்வி கேட்டால் ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமா என்ற அச்சம் எப்போதும் உண்டு. தோழிகளின் நிரந்தரப் பணி ஆணையைக் கண்ட நாளில் அவர்கள் முகத்தில் வந்த நிம்மதி எந்தப் பயிற்சியாலும் வந்ததில்லை. அக்கா, நீங்கள் நிரந்தரப் பணியாளராக இருந்தால் எங்களுக்காகவும் சேர்த்து நீங்களே கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவர் ஐயா எழுதியதை என் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். தூக்கமின்மை அவருக்கு ஒரு மாதத்துக்கும் மேலாக இருப்பதை அப்போதுதான் சொன்னார். வரும் சனிக்கிழமை இருவரும் மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். தலைமையாசிரியர் ஐயா சொன்ன தாளை அவர் நேற்றே எழுதத் தொடங்கிவிட்டார். அவர் பெயருக்கு நேரே ஏழு வேலைகள் இருக்கின்றன.

நான் என் வார்டில் ஒவ்வோர் இரவும் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர்கள் என்பதை ஒரு நோட்டில் குறித்துவருகிறேன். அளவுகோலையும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஒரு மாதக் கணக்கு சேர்ந்ததும் கண்காணிப்பாளரிடம் கொடுப்பேன், நிரந்தரப் பணியில் இருக்கும் நாங்கள் நால்வர் கையொப்பமிட்டு. தொகுப்பூதியத் தங்கை, உங்களைப் போன்றவர்களின் பெயர் அந்தத் தாளில் வராது. ஆனால் நீங்கள் பார்த்த இரவுப்பணிகளும் அந்தக் கணக்கில் இருக்கும்.