ஓர்த்தீஜாவில் மூன்று மணி நேரம்

போன செப்டம்பர் கடைசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சிசிலித் தீவின் கிழக்குக் கரையில் இருக்கும் சிராகூசாவுக்குப் போயிருந்தேன். நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன், அம்மா மூன்று மாதம் தங்க வந்திருந்தாள். அங்கே தனியாக ஒரு கைடு வைத்துக்கொண்டு சுற்றிய காலைப்பொழுதைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதிருந்தே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கைடு வைக்கும் எண்ணமே எனக்கு இல்லை. ஆனால் இரண்டு நாள் முன்னால் வேறொரு ஊரில் நாற்பது பேர் கூட்டத்தோடு ஒரு சுற்றுலாவில் சேர்ந்தோம். காதில் ஒரு கருவி, முன்னால் தூக்கிப் பிடித்த குடை, ஓட்டமும் நடையுமாக இரண்டு மணி நேரம். முழங்கால் வலியோடு அம்மா பின்தங்க, காதில் விழுந்த கதை ஒன்று, கண்ணில் பட்ட கட்டடம் வேறொன்று. அன்று ராத்திரி, "நாளைக்கு நீ போயிட்டு வா, நான் ரூம்லயே இருக்கேன்" என்றாள். அதைக் கேட்டதும்தான் தனி கைடு தேடினேன். இத்தாலியில் கைடு வேலைக்கு உரிமம் வேண்டும், அடையாள அட்டை வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

சிராகூசாவின் பழைய நகரம் ஓர்த்தீஜா என்ற குட்டித் தீவில் இருக்கிறது. பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர்தான், பாலம் வழியாக நடந்தே போய்விடலாம். காலை எட்டரைக்கு அப்பல்லோ கோயில் இடிபாடுகளின் பக்கத்தில் கைடு நின்றிருந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். பார்க்க வேண்டிய பதினான்கு இடங்களை எழுதி வைத்திருந்தேன். அதை வாங்கிப் பார்க்கும் முன்பே, "அம்மாவால் படி இறங்க முடியுமா? எவ்வளவு நேரம் நிற்க முடியும்?" என்று கேட்டார். அப்புறம் பட்டியலைப் படித்துவிட்டு, "இதில் பாதி பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இன்றைக்குப் பாலம் தாண்ட வேண்டாம்" என்றார். புகழ்பெற்ற கிரேக்க அரங்கம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி.

மார்க்கெட் வழியாகப் போனோம். வாள்மீன் தலையைக் கத்திமுனை போல மேலே நிறுத்தி வைத்து ராகம் போட்டுக் கூவி விற்கிறார்கள். ஆவோலா பாதாம், பாகீனோ தக்காளி, எலுமிச்சை என்று அம்மா ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பேராலயத்துக்கு எல்லோரும் முன்வாசல் வழியாகப் போவார்கள். எங்களை அவர் முதலில் பக்கவாட்டுத் தெருவில் நிறுத்தி, "சுவரைப் பாருங்கள்" என்றார். சுவருக்குள்ளிருந்து பருத்த தூண்கள் பாதி உடம்பைக் காட்டிக்கொண்டு நின்றன. கி.மு. 480இல் கெலோன் என்ற அரசன் ஹிமேராவில் கார்த்தேஜ் படையை வென்றான். அந்த வெற்றிக்குப் பிறகு அதீனா தெய்வத்துக்கு எழுப்பிய கோயிலின் தூண்கள் அவை. கோயிலை இடிக்கவில்லை, அதையே மாற்றிக் கட்டியிருக்கிறார்கள்.

எப்படி மாற்றினார்கள் என்பதை உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நம் கணக்கில் சொன்னால், பழைய கோயிலில் நடுவில் கருவறை, சுற்றிலும் தூண்கள் நிற்கும் திறந்த பிராகாரம். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் இதைத் தேவாலயம் ஆக்கியபோது, வெளித்தூண்களுக்கு இடையே இருந்த இடைவெளியைச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். கருவறையின் கெட்டிச் சுவரைக் குடைந்து வளைவு வளைவாகத் திறந்துவிட்டார்கள். மூடியிருந்தது திறந்துகொண்டது, திறந்திருந்தது மூடிக்கொண்டது. அன்றைய பிராகாரம்தான் இன்றைக்குப் பக்க நடை. 878இல் அரேபியர் ஊரைப் பிடித்த பிறகு இதே இடம் பள்ளிவாசலாக இருந்தது, நார்மானியர் வந்த பின் மறுபடி தேவாலயமானது. 1693 ஜனவரி 11 நிலநடுக்கம் கிழக்குச் சிசிலியில் சுமார் 60,000 பேரைக் கொன்றது. இங்கே முகப்பு விழுந்தது, தூண்கள் தாங்கி நின்றன. இப்போது இருக்கும் அலங்கார முகப்பு 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

அம்மா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள். கைடு பார்த்தார், தடுக்கவில்லை. உள்ளே ஒரு தூணருகே கூட்டிப்போய், "கையை வையுங்கள்" என்றார். நானும் வைத்தேன். மேலே கல் சொரசொரவென்று இருந்தது. ஆள் உயரத்தில் மட்டும் தூணின் பள்ள வரிகளின் விளிம்பு மழுங்கி, எண்ணெய் தடவியது போல வழுவழுப்பு. எத்தனை கைகள் பட்டிருக்கும்! அந்த இடத்தில் அவர் எதுவும் பேசாமல் நின்றதற்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஊரின் காவல் புனிதை சாந்தா லூச்சியா. அவருடைய வெள்ளிச் சிலை இங்கேதான் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது. டிசம்பர் 13 மாதிரி வருடத்தில் சில நாட்கள்தான் வெளியே வரும். 1646இல் கடும் பஞ்சம் வந்தபோது புனிதையை வேண்டிக்கொண்டார்களாம், தானியம் ஏற்றிய கப்பல் துறைமுகத்துக்கு வந்ததாம். அரைக்கக்கூடப் பொறுக்காமல் கோதுமையை அப்படியே அவித்துச் சாப்பிட்டதன் நினைவாக, இன்றும் திருநாளில் அவித்த கோதுமையில் ரிக்கோட்டா பாலாடைக்கட்டி கலந்து 'குச்சீயா' செய்கிறார்கள். அம்மா விவரமாகக் கேட்டாள்: எவ்வளவு நேரம் ஊற வைக்கணும், வெல்லம் போடுவார்களா என்று. நடுவில் நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

பேராலயத்தின் முன்னால் இருக்கும் சதுக்கத்துக்கு அடியில் பாறையைக் குடைந்த சுரங்கம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து மக்கள் ஒளிந்திருந்த இடம் அது. கைடின் பாட்டி அப்போது ஒன்பது வயதுச் சிறுமி. ராத்திரியெல்லாம் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்ததையும், 1943 ஜூலை 10 அன்று பிரிட்டிஷ் படை ஊருக்குள் வந்ததையும் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறார். சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

கடைசியாக அரேத்தூசா ஊற்றுக்குப் போனோம். கடலுக்கு ஒட்டினாற்போல் நல்ல தண்ணீர் ஊறுகிறது. துரத்திய ஆற்றுத் தேவனிடமிருந்து தப்பிக்க ஒரு வனதேவதை ஊற்றாக மாறியதாகக் கிரேக்கப் புராணம் சொல்கிறது. நடுவே பாப்பிரஸ் புதர், தலைவிரித்த பச்சைக் கற்றைகளாக. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தண்டு முக்கோணமா இருக்குமான்னு அந்தப் பொண்ணுகிட்ட கேளு" என்றாள்.

கேட்டேன். கைடு திரும்பி அம்மாவைப் பார்த்தார். "ஆமாம், முக்கோணம்தான். எப்படித் தெரியும்?"

அம்மா பிறந்தது பத்தமடைக்குப் பக்கத்தில். கோரைப் பாய் நெய்கிறவர்கள் நடுவில் வளர்ந்தவள். கோரையும் பாப்பிரஸும் ஒரே பேரினச் செடிகள், இரண்டுக்கும் தண்டு மூன்று விளிம்போடு இருக்கும். உடனே கைடு எங்களைப் பக்கத்தில் பாப்பிரஸ் தாள் செய்யும் ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிப்போனார். அது எங்கள் திட்டத்தில் இல்லை, நேரமும் முடிந்திருந்தது. கடைக்காரர் தண்டின் தோலை உரித்து, உள்ளே இருந்த வெள்ளைச் சோற்றை மெல்லிய பட்டையாகச் சீவி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அழுத்திக் காட்டினார். அம்மா வெட்டிய தண்டின் விளிம்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். அப்புறம் கோரையை எப்படிக் கிழிப்பார்கள், ஓடுகிற தண்ணீரில் எப்படி ஊறப் போடுவார்கள் என்று விரலாலேயே காட்டத் தொடங்கிவிட்டாள். கடைக்காரருக்கு இத்தாலியன், அம்மாவுக்குத் திருநெல்வேலித் தமிழ். இந்தமுறை என்னை யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

கிரேக்க அரங்கத்தை இன்னும் நான் பார்க்கவில்லை.

டிசம்பர் 13 அன்று கைடிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு சின்ன வீடியோ வந்தது. வெள்ளிச் சிலையைத் தோளில் சுமந்து வருகிறார்கள், கூட்டம் "சரௌசானா யே!" என்று கத்துகிறது. அவள் சிராகூசாக்காரி என்று அர்த்தம். ஊருக்குத் திரும்பிவிட்ட அம்மாவுக்கு அதை அனுப்பிவிட்டுப் போன் பண்ணினேன். முந்தின நாள் ராத்திரியே கோதுமையை ஊறப் போட்டுவிட்டதாகச் சொன்னாள்.